டிட்டிகாகா ஏரியின் ஊரோஸ் மக்கள்: மிதக்கும் தீவுகள் பழைய வாழ்வா, பயணிகளுக்கான காட்சியா?

கேள்வி – பொருநை வாசகர்

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் டிட்டிகாகா ஏரிப் பகுதியைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். பெருவும் பொலிவியாவும் பங்கிட்டுக்கொள்ளும் அந்த ஏரி கடல்மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 8,300 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கிறது. நமது தொட்டபெட்டாச் சிகரமே 2,637 மீட்டர்தான் என்பதை நினைக்கும்போது, அத்தனை உயரத்தில் ஒரு கடல்போன்ற நீர்ப்பரப்பும் அதன்மேல் கோரையால் தீவுகளைக் கட்டிக்கொண்டு வாழும் ஒரு மக்கள்கூட்டமும் இருப்பது எனக்கு நீங்காத வியப்பாக இருக்கிறது.

படிக்கப் படிக்க ஐயங்களும் கூடுகின்றன. ஸ்பானியர் வருமுன் அப்பகுதியை ஆண்ட இன்கா அரசர்களுக்கு அஞ்சி ஏரிக்குள் ஓடி ஒளிந்தவர்களே ஊரோஸ் மக்கள் என்று பல பயணக் கட்டுரைகள் கூறுகின்றன. அங்கே சென்று வந்த என் உறவினர் ஒருவரோ, "அதெல்லாம் வெறும் காட்சி, மாலையானால் பலர் கரையிலுள்ள வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்" என்றார். பேச நிற்கும்போது பொய்யான பழம்பெருமையைச் சொல்லிவிடவும் கூடாது, ஒரு மக்களின் வாழ்வை வேடிக்கையென்று தள்ளிவிடவும் கூடாது. அப்பகுதியை நேரில் கண்டவர்களோ, அதன் வரலாற்றை முறையாகப் படித்தவர்களோ வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 – கடல்கடந்தான்

ஐயா, வணக்கம். பணியின் பொருட்டுப் பெருவின் தலைநகர் லிமாவில் மூன்றாண்டுகள் இருந்தேன். அக்காலத்தில் இருமுறை ஏரிக்கரையிலுள்ள புனோ நகரத்துக்குச் சென்று அங்கிருந்து படகில் தீவுகளுக்குப் போயிருக்கிறேன். முதல்முறை உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியோடு ஒருநாள் முழுக்கப் படுத்துவிட்டேன். தங்கியிருந்த வீட்டு அம்மையார் கோக்கா இலையை வெந்நீரில் இட்டுத் தந்துகொண்டே இருந்தார். ஆகவே நான் நன்றாகப் பார்த்தது இரண்டாம் பயணத்தில்தான்.

தீவு எப்படி மிதக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடையின் பாதி அதில் இருக்கிறது. அங்கே தோதோரா என்று அழைக்கப்படும் செடி நம் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, ஏரியின் ஆழமற்ற விளிம்புகளில் காடாக நிற்கும். அதன் வேர்கள் பின்னிப் பிணைந்து தடித்த மெத்தைபோல் ஆகிவிடுகின்றன. மட்கும் வேர்களுக்குள் காற்று தங்குவதால், மழைக்காலத்தில் நீர் உயரும்போது அந்த வேர்மெத்தை அடிமண்ணை விட்டுப் பெயர்ந்து மேலே எழும்புகிறது. அதை கீலி என்கிறார்கள். பெரிய ரம்பத்தால் கட்டிகட்டியாக அறுத்து, படகால் இழுத்துவந்து, ஒவ்வொரு கட்டியிலும் தைலமரக் கம்பை அடித்து, கயிற்றால் ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். அறுத்த தோதோராவை அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பல அடுக்குகளாகப் பரப்பினால் தீவு ஆயிற்று. காற்றில் நகர்ந்துவிடாமல் ஏரியின் அடியில் முளையடித்துக் கட்டிவைக்கிறார்கள்.

கால் வைத்தால் ஈரவைக்கோற் போரின்மேல் நடப்பதுபோல் அமிழ்ந்து எழும். அடியிலுள்ள கோரை அழுகிக்கொண்டே போவதால் மேலே புதிய கோரையை ஓயாமல் இட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த வேலை இன்னும் கூடும். கோரையில் தீப்பற்றிவிடாதிருக்க, மண்ணடுப்பைத் தட்டையான கல்லின்மேல் வைத்துச் சமைக்கிறார்கள். ஒரு மூதாட்டி தோதோராத் தண்டின் வெள்ளை அடிப்பாகத்தை வாழைத்தண்டை உரிப்பதுபோல் உரித்து என் கையில் கொடுத்தார். நீர்ச்சத்தோடு சற்றே இனிப்பாக இருந்தது. வீடு, படகு, பாய், மாட்டுத்தீவனம், அடுப்பெரிக்கும் சுள்ளி, பசிக்குத் தின்பது என எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஒரு செடிதான்.

அங்கே கேட்டவற்றுள் மறக்க முடியாதது பாகப்பிரிவினை பற்றியது. ஒரு தீவில் வாழும் குடும்பங்களுக்குள் தீராத மனக்கசப்பு வந்துவிட்டால், ரம்பத்தை எடுத்துத் தீவை இரண்டாக அறுத்து, ஒரு பாதியை வேறிடத்துக்கு இழுத்துச் சென்றுவிடுவார்களாம். தீவுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று நூறுக்கு மேல் இருக்கின்றன.

உங்கள் உறவினர் சொன்னதில் உண்மை உண்டு. புனோவுக்கு அருகிலுள்ள தீவுகள் முறைவைத்துப் பயணிகளை ஏற்கின்றன. பாட்டு, விளக்கம், விற்பனை என்று அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். புனோ சந்தையில் முதல்நாள் நான் கண்ட அதே துணியை மறுநாள் தீவில் "கையால் செய்தது" என்று விரித்து வைத்திருந்தார்கள். கரையில் வீடு வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தீவுகள் நகரத்துக்கு இவ்வளவு நெருக்கமாக வந்தது பயணிகளுக்காக மட்டும் அன்று. முன்பு அவை கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தன. 1986இல் ஏரியின் நீர்மட்டம் முன்னெப்போதும் பதிவாகாத அளவுக்கு உயர்ந்து, புயலும் சேர்ந்து கோரைக்காடுகளையும் தீவுகளையும் சிதைத்தபின்னரே பல குடும்பங்கள் புனோ விரிகுடாவுக்கு அருகே வந்து புதிதாகத் தீவு கட்டிக்கொண்டன. பயணிகளின் வருமானம் அவர்களை அங்கேயே நிறுத்திவைத்தது என்று சொல்வதுதான் சரியாக இருக்கும்.

மறுமொழி 2 – வரலாற்று ஆசிரியை

மேலே நண்பர் எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். இன்காவுக்கு அஞ்சி ஓடியவர்கள் என்ற கதையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது மிக எளிதாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு, அம்மக்களின் வரலாற்றை ஒரேயோர் ஓட்டமாகச் சுருக்கிவிடுகிறது.

இன்கா அரசு ஏரிக்கரைக்கு வந்தது 15ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பே அங்கு ஆயிரமாண்டு அரசியல் நடந்து முடிந்திருந்தது. ஏரியின் தென்கரைக்குச் சற்று அப்பால் திவானாகு நகரம் ஏறத்தாழ கி.பி. 500 முதல் 1000 வரை செழித்திருந்தது. அந்நகரின் ஆண்டிசைட் என்னும் எரிமலைக் கற்களில் பல ஏரியின் மறுபுறத்திலிருந்து வந்தவை. அவற்றைத் தோதோராப் படகுகளில்தான் ஏற்றி வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர், ஒன்பது டன் கல்லைத் தோதோராப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டிய சோதனையும் நடந்திருக்கிறது. ஏரியிலுள்ள சூரியத்தீவுக்கு அருகில் கோவா என்னும் பாறைத்திட்டின் நீரடியிலிருந்து பொன்தகடுகளும் வெப்பக்கடலின் ஸ்பாண்டிலஸ் சிப்பிகளும் விலங்குப் பலியின் எலும்புகளும் எடுக்கப்பட்டுள்ளன. திவானாகு மக்கள் ஏரிக்கே படையலிட்டிருக்கிறார்கள். பிற்காலத்து இன்கா அரசர்கள் தங்கள் குலமுதல்வர்களான மான்கோ காபாக்கும் மாமா ஒக்யோவும் இந்த ஏரியிலிருந்து தோன்றியதாகச் சொல்லிக்கொண்டதும், சூரியத்தீவின் பாறையொன்றைப் பெருங்கோயிலாக்கியதும், முன்பே புனிதமாயிருந்த இடத்தின் பெருமையைத் தமதாக்கிக்கொண்ட செயல் என்றே நான் கொள்கிறேன்.

திவானாகு வீழ்ந்தபின் கரைகளை ஆண்டவை கோயா, லூபாகா முதலிய, ஐமாரா மொழி பேசும் மக்களின் அரசுகள். புனோவுக்கு அருகே சில்லுஸ்தானியில் இன்றும் நிற்கும் உருளைவடிவக் கல்லறைக் கோபுரங்கள் கோயா மக்களின் காலத்தில் தொடங்கியவை. ஊரோஸ் மக்கள், அதாவது பழைய ஏடுகள் உரு என்று குறிக்கும் மக்கள், இந்த ஐமாராத் தலைவர்களின் கீழேயே தாழ்ந்த நிலையில் இருந்தவர்கள். மீனும் கோரையும் உழைப்பும் கொடுத்து வாழ்ந்தவர்கள்.

இதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1567இல் கார்சி தியெஸ் தெ சான் மிகேல் என்ற ஸ்பானிய அதிகாரி லூபாகா நாடான சுகுயித்தோவில் வரிக்கணக்கு எடுத்தார். அங்கிருந்த இரு தலைவர்கள் மார்த்தின் காரி, மார்த்தின் குசி என்போர். இன்கா காலத்து மக்கட்கணக்கு முடிச்சுக் கயிறுகளில் பாதுகாக்கப்பட்டிருந்தது. கீபு என்னும் அக்கயிற்றை அவர்கள் தரப்பார் படித்துக் காட்டியபோது, ஒவ்வோர் ஊரிலும் ஐமாராக் குடிகள் இத்தனை, உருக் குடிகள் இத்தனை என்று தனித்தனியாக எண்ணிக்கை வந்தது. அதாவது இன்கா அரசின் கணக்கிலேயே இவர்கள் வரி செலுத்தும் குடிகளாக இருந்திருக்கிறார்கள். ஒளிந்து வாழ்ந்தவர்களைக் கயிற்றில் முடிச்சிட்டு எண்ணியிருக்க முடியாது. சிலர் கோரைக்காட்டுக்குள் விலகிப் போயிருக்கலாம். முழு மக்களும் அப்படி அல்லர்.

மிதக்கும் வாழ்வு அண்மையில் புனைந்த காட்சியா என்பதற்கும் சான்று இருக்கிறது. ஏசு சபைத் துறவி ஹோசே தெ அகோஸ்தா 1590இல் வெளியிட்ட நூலில், ஏரியின்மேல் தோதோராத் தெப்பங்களை ஒன்றோடொன்று கட்டி, பாறையில் பிணைத்து, ஊர் ஊராக வாழும் உரு மக்களைப் பற்றி எழுதுகிறார். சிலவேளை முழு ஊரும் அவிழ்த்துக்கொண்டு போய்விடும் என்றும், நேற்று இருந்த இடத்தில் இன்று தேடினால் சுவடும் கிடைக்காது என்றும் அவர் குறிப்பிடுகிறார். அதே பக்கத்தில் மனத்தை உறுத்தும் செய்தியொன்றும் உள்ளது: நீங்கள் யார் என்று கேட்டால், நாங்கள் மனிதர்கள் அல்லோம், உருக்கள் என்று அவர்கள் விடையளித்தார்களாம். அது அவர்களின் சொல்லா, அவர்களைப் பற்றிக் கரைவாசிகள் கட்டிய சொல்லா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பல நூற்றாண்டுகளாக இழிவுச் சொல்லாகப் புழங்கிய பெயரை இன்று அம்மக்கள் தங்கள் பெயராக நிமிர்ந்து சொல்கிறார்கள் என்பதைத் தங்கள் உரையில் அவசியம் குறிப்பிடுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஊரோஸ் தீவுகளில் இன்று பேசப்படுவது ஐமாராவும் ஸ்பானியமும். அவர்களின் சொந்த உரு மொழி மறைந்துவிட்டது. பொலிவியாவில் ஈருயித்து என்னும் ஊரில் எஞ்சியிருந்த அதன் கிளையைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 2004இல் இறந்தார். உறவுமொழியான சிபாயா மட்டும் பொலிவியாவின் ஓருரோப் பகுதியில் உயிரோடு இருக்கிறது. மொழி போனதால் இனமே அழிந்துவிட்டது என்று 20ஆம் நூற்றாண்டில் எழுதியவர்கள் உண்டு. ஆனால் 2013இல் வெளியான மரபணு ஆய்வு, இம்மக்களிடம் அண்டை இனத்தாரான ஐமாரா, கெச்சுவா மக்களிடமிருந்து வேறுபட்ட ஒரு பழைய வழித்தோன்றல் கூறு இருப்பதைக் காட்டியது.

மறுமொழி 3 – குழித்தறி

எங்கள் வீடு மூன்று தலைமுறையாகத் தறிவீடு. அதனால் அந்த ஏரியில் என் கவனம் சென்றது ஊரோஸ் தீவுகளின்மேல் அன்று. இன்னும் உள்ளே, கல்லும் மண்ணுமான உண்மைத் தீவாகிய தகீலேயின்மேல். அங்கே வாழும் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கெச்சுவா பேசுகிறார்கள். பழமையா காட்சியா என்ற உங்கள் கேள்விக்கு அத்தீவு நல்ல உதாரணம் என்பதால் எழுதுகிறேன்.

தகீலேயில் ஆண்கள் பின்னுவார்கள், பெண்கள் நெய்வார்கள். சுல்யோ என்னும் காதுமூடிய குல்லாயைச் சிறுவர்கள் எட்டு வயதளவிலேயே மெல்லிய ஊசிகளால் பின்னக் கற்றுக்கொள்கிறார்கள். பாதை நடந்துகொண்டே, பேசிக்கொண்டே பின்னும் ஆண்களை அங்கே எங்கும் காணலாம். முழுச் சிவப்புக் குல்லாய் மணமானவனுக்கு, மேற்பாதி வெள்ளையாக இருந்தால் மணமாகாதவன். பெண்களோ தரையில் நான்கு முளை அடித்து, அவற்றின் இடையே நெடுக்கு நூலாகிய பாவை இழுத்துக் கட்டி, குனிந்து அமர்ந்து நெய்கிறார்கள். நம் குழித்தறியில் கால் குழிக்குள் இருக்கும், பலகை ஊடையை, அதாவது குறுக்கு நூலை, அடித்து நெருக்கும். அவர்களிடம் பலகை இல்லை. லாமாவின் எலும்பைக் கூராக்கி, விச்சுஞா என்ற பெயரில் வைத்துக்கொண்டு, ஊடை இழையை ஒவ்வொரு வரிசையாகக் குத்தி நெருக்குகிறார்கள். அந்த எலும்பு பயன்பட்டுப் பயன்பட்டுத் தந்தம்போல் வழவழப்பாகிவிடுமாம். நாள்காட்டிக் கச்சை என்று ஒன்று நெய்கிறார்கள். உழவு, விதைப்பு, சடங்கு என்று ஆண்டின் சுழற்சி முழுவதும் அதில் உருவங்களாக வரும். தகீலேயின் நெசவுக்கலையை யுனெஸ்கோ 2005இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது.

ஆனால் அந்த ஆண்கள் உடுத்தும் கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் அரைக்கச்சும் ஸ்பானிய உழவர் உடையிலிருந்து வந்தவை. 1780இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகத் தொடங்கிய இரண்டாம் துபாக் அமாருவின் எழுச்சியை ஒடுக்கிய பின்னர், பழைய உடைகளைக் குடியேற்ற அரசு தடைசெய்ததன் விளைவு அது. அங்கே புழங்கும் மிதித்தறியும் ஸ்பானியர் கொண்டுவந்ததே. இரண்டையும் எடுத்துக்கொண்டு, இன்று பார்த்தவுடன் தகீலே என்று சொல்லும்படியாகத் தமதாக்கிவிட்டார்கள். நெசவுக்காரனாகச் சொல்கிறேன்: மாறாத கைத்தொழில் எங்கும் இல்லை. யார் கையில், யாருடைய முடிவில் மாறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தகீலேயார் தொடக்கத்தில் தங்கள் சொந்தப் படகுகளில் பயணிகளை ஏற்றிவந்து, தங்கள் வீடுகளில் தங்கவைத்து, விற்பனையையும் கூட்டுறவுக் கடையில் பொதுவாக நடத்தினார்கள். பின்னாளில் புனோவிலுள்ள பயண முகவர்கள் அந்தப் படகுத்தொழிலைப் பெருமளவு கைப்பற்றிக்கொண்டது எனக்கு வருத்தமளிக்கிறது. அந்த இடத்தில்தான் மரபு தளர்கிறது, பயணி வந்ததனால் அன்று.

கேள்வியாளர் – பொருநை வாசகர்

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மாவின் 1567ஆம் ஆண்டுக் குறிப்பு என் உரையின் போக்கையே மாற்றிவிட்டது. "அஞ்சி ஓடியவர்கள்" என்ற வரியை எடுத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பத்தமடைப் பாய்க்குக் கோரை அறுத்துக் கீறி ஊறவைப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன் என்பதால், அதே குடும்பத்துச் செடி அங்கே தரையாகவே ஆகிவிடுவது எனக்கு நெருக்கமாகப் படுகிறது. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். இப்போது அம்மக்களுக்கு உள்ள பெரிய இடர் எது?

மறுமொழி 4 – கடல்கடந்தான்

தண்ணீர், ஐயா. டிட்டிகாகாவுக்கு வந்து சேரும் நீரில் பெரும்பங்கு, ஏறத்தாழ பத்தில் ஒன்பது, ஆவியாகவே வெளியேறுகிறது. தெசாகுவாதெரோ ஆறு வழியாக வழிவது மிகச் சிறிதளவே. ஆகவே ஓரிரு பருவம் மழை பொய்த்தால் நீர்மட்டம் உடனே இறங்கும். 2023இல் அது மிகக் கீழே இறங்கியபோது, விளிம்பிலிருந்த தோதோரா காய்ந்து, படகுகள் சேற்றில் நின்றன. கோரையில்லாமல் தீவைப் புதுப்பிக்க முடியாது. புனோவிலிருந்தும், பொலிவியாவின் எல் ஆல்தோ நகரத்திலிருந்தும் வரும் கழிவுநீர் வேறு. 1940களை ஒட்டி வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன், ஏரிக்கே உரிய மீன்வகைகளை ஏற்கெனவே குறைத்துவிட்டது. கோரைக்காட்டைக் காக்கவென்று பெரு அரசு 1978இல் தேசியக் காப்பகம் அமைத்ததும், அறுக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கு அரசுக்கும் ஊரோஸ் மக்களுக்கும் இடையே நெடுங்காலம் நீண்டது. தலைமுறைகளாக அறுத்துவந்தவர்களிடம் அனுமதிச் சீட்டுக் கேட்டால் அவர்களுக்கு எப்படியிருக்கும்!

படகுகளையும் பாருங்கள். பூனைபோன்ற தலைமுகப்பு வைத்த பெரிய தோதோராப் படகுகள் இன்று பயணிகளுக்காகவே. தங்கள் சொந்தப் போக்குவரத்துக்கு மரப்படகும் மோட்டாரும்தான். ஆயினும் கட்டும் கை மறையவில்லை. 1970இல் நார்வே ஆய்வுப்பயணி தோர் ஹெயர்தால் மொராக்கோவிலிருந்து பார்பேடோஸ் வரை 57 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்த ரா II என்னும் நாணற்படகைக் கட்டியவர்கள், இந்த ஏரியின் சுரிகித் தீவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ஐமாராக் கைவினைஞர்களே. அவரது முதற்படகு வேறிடத்தாரால் கட்டப்பட்டு நடுக்கடலில் சிதைந்திருந்தது.

மறுமொழி 5 – வரலாற்று ஆசிரியை

நண்பர் சொன்ன நீர் பற்றிய செய்தியோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தெசாகுவாதெரோ ஆறு தெற்கே சென்று பூபோ ஏரியில் கலக்கிறது. பொலிவியாவின் இரண்டாவது பெரிய ஏரியாக இருந்த பூபோ, வறட்சியாலும் வழியில் நீர் எடுக்கப்பட்டதாலும் சுரங்கங்களின் கசடு படிந்ததாலும் சுருங்கிச் சுருங்கி, 2015ஆம் ஆண்டின் இறுதியில் வற்றிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் கரையில் மீனும் நீர்ப்பறவைகளின் முட்டையும் கொண்டு வாழ்ந்தவர்கள் உரு மக்களின் இன்னொரு கிளையினர். டிட்டிகாகாவின் ஊரோஸ் மக்களுக்கு வந்த பயணிகள் இவர்களிடம் வந்ததில்லை.

ஊரோஸ் தீவுகளில் இன்று பேசப்படும் ஐமாராவைப் பற்றியும் இடையில் ஒன்று சொல்கிறேன். அம்மொழியில் நய்ரா என்னும் சொல் கண்ணையும் முன்புறத்தையும் கடந்த காலத்தையும் ஒருசேரக் குறிக்கும். கிபா என்பது முதுகுப்புறத்தையும் வருங்காலத்தையும் குறிக்கும். கண்டது முன்னே நிற்கிறது, காணாதது பின்னே இருக்கிறது என்பது அவர்களின் கணக்கு. முதியவர்கள் பழையதைப் பேசும்போது கையை முன்னோக்கி நீட்டுகிறார்கள். முன்னோர் என்றும் பின்வருவோர் என்றும் சொல்லும் நமக்கு அந்தச் சொல்வழக்கு அவ்வளவு புதிதன்று, எனினும் கையசைவிலும் அப்படியே நடப்பது வியப்பளிக்கிறது.

பூபோக் கரையின் உருக் குடும்பங்களில் பலர் இன்று உப்பளங்களிலும் சுரங்கங்களிலும் கூலிவேலை தேடிப் போயிருக்கிறார்கள். எஞ்சியோர் கோரையிலும் வைக்கோலிலும் கூடைகளும் தொப்பிகளும் முடைந்து விற்கிறார்கள். தாங்கள் ஏரியின் மக்கள் என்றே இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். உங்கள் உரையில் புனோவின் தீவுகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், இவர்களுக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள், ஐயா.